ஓட்டு இல்லாத கரை

கிர்வன்
4 ஆகஸ்ட் 2014

அன்புள்ள மெர்வின் அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் அரைமணி நேரம் மழையையும் உன் முழங்காலையும் பற்றியே பேசித் தீர்த்தோம். சொல்ல நினைத்ததை நான் சொல்லவேயில்லை. போனில் அரசியல் பேசக்கூடாது என்று அப்பா போட்ட சட்டம், நான் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகியும் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. வட அயர்லாந்தில், அதுவும் நம் லார்னில் வளர்ந்தவர்களுக்கு இது போகாது போலிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே நடப்பதை உனக்கு எப்படிப் புரியவைப்பது? ஊரே பேசுகிறது அண்ணா. செப்டம்பர் பதினெட்டாம் தேதி ஓட்டு. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று ஒரே ஒரு கேள்வி, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம், அவ்வளவுதான். என் பல் டாக்டர் வாய்க்குள் இடுக்கியை வைத்துக்கொண்டே எண்ணெய் வயல்களைப் பற்றிக் கேட்கிறார், நானும் "ஆ ஆ" என்று பதில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கப் போனேன். கடைக்காரி சத்தமாக, "வினிகர் ஊத்தவா ஹேசல்? அது கெடக்கட்டும், நீ எந்தப் பக்கம் குத்தப்போறே?" என்றாள். நம் ஊரில் யாராவது அப்படிக் கேட்டால் அடுத்த வாரம் வீடு மாற்றுவோம் இல்லையா?

வரிசையில் இருந்த இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர், "தனியாப் போனா பென்ஷனுக்கு யாருய்யா பொறுப்பு, உங்கப்பனா?" என்று கத்த, மற்றவர், "எங்கப்பன் செத்து பத்து வருஷமாச்சு, இருந்தாலும் அவன் லண்டன்காரனைவிட ஒழுங்காக் குடுப்பான்!" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு யாரும் கதவைப் பார்க்கவில்லை. ஒரு நாட்டைப் பிரிப்பதா வேண்டாமா என்று கையில் மீன் பொட்டலத்தோடு சண்டை போடுகிறார்கள், ஒருவருக்கும் பயமில்லை.

உன்னிடம் மறைப்பது எனக்குப் பிடிக்காது. நான் ஆம் என்று போடப்போகிறேன். கோபப்படுவாய் என்று தெரியும். எதிர்வீட்டு ராப் மெக்ரிண்டில் தன் ஜன்னலில் 'ஆம்' என்று ஒரு நீலப் பலகை மாட்டியிருக்கிறார், கப்பலிலிருந்தே தெரியும் அளவுக்கு. அவர் சொல்லி நான் முடிவெடுக்கவில்லை. இங்கே வாழ்கிறேன், இங்கேதான் சாகப்போகிறேன், இந்த ஊரின் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் இந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றுகிறது. அவ்வளவுதான்.

வழக்கம்போல செப்டம்பர் 29ஆம் தேதி நம் ரேமண்ட் நினைவு நாளுக்கு வருகிறேன். டாலியா இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

உன் தங்கை
ஹேசல்


லார்ன்
12 ஆகஸ்ட் 2014

ஹேசலுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்காவது முறையும் படித்தேன். எழுத்து மாறவில்லை.

உனக்கு ஓட்டு இருக்கிறது. உன் மீன் கடைக்காரிக்கு இருக்கிறது. போன வருஷம் போலந்திலிருந்து வந்து உங்கள் ஊர் துறைமுகத்தில் வலை தைக்கிறவனுக்கும் இருக்கிறதாம். எனக்கு இல்லை. என் வீட்டு அஸ்திவாரத்தை அசைக்கிறார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே என்ன நடக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பக்கத்து வீட்டு பிரெண்டன் மல்வென்னாவை உனக்குத் தெரியும். இருபது வருஷமாக வேலிக்கு மேலே நத்தை, முட்டைக்கோஸ், மழை, இதைத் தவிர நாங்கள் எதையும் பேசியதில்லை. அவர் போவது கத்தோலிக்க சர்ச் என்று எனக்குத் தெரியும், நான் போவது பிராட்டஸ்டன்ட் சர்ச் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளாததால்தான் இருபது வருஷம் ஓடியது. போன செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் மண்வெட்டியை ஊன்றி நின்று, "மெர்வின், அவங்க போயிட்டாங்கன்னா நீங்கல்லாம் என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

கிண்டலா, கரிசனமா, தெரியவில்லை. "மழை வர்ற மாதிரி இருக்கு பிரெண்டன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாங்கள் என்ன செய்வோம்? நான் லண்டனை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் வழி தவறினேன். நான் அந்த ஊர்க்காரன் இல்லை. அக்னியூ என்ற நம் பெயரே நானூறு வருஷத்துக்கு முன் உன் கரையிலிருந்து படகேறி வந்தது. நம் பேச்சு, நம் சர்ச், ஜூலை ஊர்வலத்துக்கு இன்றும் கப்பலில் வந்திறங்கும் மேளக்காரர்கள், எல்லாம் உன் கரை. மாடி ஜன்னலில் நின்றால் தெளிந்த நாளில் கடல் நடுவே அய்ல்சா பாறை தெரிகிறது. அதே பாறையை நீ அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாய். ஐக்கிய ராஜ்யம் என்று யாராவது சொன்னால் எனக்குத் தெரிந்தது அந்தப் பாறைதான். அண்ணன் தம்பிகள் இருக்கும் வீட்டில் நமக்கு நெருக்கமானவன் தனிக்குடித்தனம் போய்விட்டால் மிச்சப் பேரோடு பின்கட்டில் கிடப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். இங்கிலீஷ்காரனுக்கு என் பேச்சே புரிவதில்லை.

நீங்கள் போனால் அடுத்து இங்கேயும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள், பிரிட்டனோடு இருப்பதா, பிரிந்து தெற்கு அயர்லாந்தோடு சேர்வதா என்று. இந்த மண்ணில் அந்தக் கேள்வியை முப்பது வருஷம் துப்பாக்கியையும் குண்டையும் வைத்துத்தான் கேட்டார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தம்பி ரேமண்ட் பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான், வாரத்தில் மூன்று சாயங்காலம் போலீஸ் சீருடை போட்டான், இருபத்துநாலு வயசு. நானும் அதே சீருடை போட்டவன்தான். தினமும் காலையில் குனிந்து காருக்கு அடியில் பார்த்துவிட்டு ஏறு என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவன் பார்க்கவில்லை. நான் மட்டும் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் எதற்காகச் செத்தானோ அதை நீ ஒரு பென்சிலால் அழிக்கப்போகிறாய். போடு, உன் இஷ்டம். ஆனால் போட்டுவிட்டு 29ஆம் தேதி அவன் கல்லறைக்கு வராதே.

மெர்வின்


கிர்வன்
21 ஆகஸ்ட் 2014

அண்ணா,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பதில் எழுதி இரண்டு முறை கிழித்தேன். ஒன்றில் உன்னைக் கண்டபடி திட்டியிருந்தேன், நன்றாகவே வந்திருந்தது.

பாறையைப் பற்றி நீ எழுதியது என்னை அசைத்துவிட்டது. அந்தப் பக்கம் நீ நிற்கிறாய் என்று நினைத்து நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். ஆனால் யார் ஓட்டுப் போட்டாலும் அந்தப் பாறை நகரப்போவதில்லை அண்ணா. அப்போதும் கப்பல் இரண்டு மணி நேரத்தில்தான் வரும்.

இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குக் காலை மழை. ரேமண்ட் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தான். நான் கோட்டைத் தேடிக்கொண்டு உள்ளே நின்றேன். அவன் காருக்குப் பக்கத்தில் குனியப்போனதை ஜன்னலில் பார்த்தேன். "மழையில என்னடா பண்றே, எனக்கு நேரமாச்சு, வண்டிய எடு!" என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். கோட் கிடைத்து நான் வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஊரைவிட்டு ஓடிவிட்டாள் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தேன். குனியாமல் காரில் ஏறும் மனிதர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போக வேண்டும் என்று வந்தேன். என்னைக் கல்லறைக்கு வராதே என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, நீ நினைக்கும் காரணத்துக்காக இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதினேழாம் தேதி காரை எடுத்துக்கொண்டு கப்பலேறு. ஓட்டு நாள் அன்று என்னோடு இரு. இங்கே இதை எப்படிச் செய்கிறார்கள் என்று உன் கண்ணால் பார். பார்த்த பிறகும் வராதே என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னால், நான் வரமாட்டேன்.

ஹேசல்


லார்ன்
1 செப்டம்பர் 2014

ஹேசல்,

வருகிறேன். என் மனசை மாற்ற இல்லை, உன் மனசை மாற்ற. பதினேழு மத்தியானக் கப்பல்.

ரேமண்டைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சோடா ரொட்டியும் உப்புக் கடற்பாசியும் கொண்டுவருகிறேன். எனக்காக இலை தழை எதுவும் சமைக்காதே. அந்த நீலப் பலகைக்காரரிடம் நான் போலீஸில் இருந்தவன் என்று சொல்லிவிடாதே.

மெர்வின்


லார்ன்
20 செப்டம்பர் 2014

அன்புள்ள ஹேசல்,

நேற்று இரண்டாவது கப்பலில் வீடு வந்து சேர்ந்தேன். கப்பலில் எல்லோரும் முடிவைப் பற்றியே பேசினார்கள். இல்லை என்றவர்கள் ஜெயித்துவிட்டார்கள், என் பக்கம். விடிகாலையில் உன் சமையலறை ரேடியோவில் அதைக் கேட்டபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு டீ போட்டாய். காரில் ஏறும்போது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், "டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றேன். அதனால் இந்தக் கடிதம்.

ஓட்டு நாள் காலை நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரியாத ஒன்று நடந்தது.

ஆறரை மணிக்கு வெளியே வந்தேன். பனிமூட்டம். வழக்கம்போல கார் பக்கத்தில் முழங்காலைப் போட்டுக் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், எந்த ஊரில் நிற்கிறோம் என்று முழங்காலுக்கு என்ன தெரியும்? பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது. கோடு போட்ட பைஜாமா. உன் நீலப் பலகைக்காரர்.

"என்னங்க, பூனையா?" என்றார்.

"இல்லைங்க."

"சாவி விழுந்துடுச்சா? இருங்க, நானும் பாக்குறேன்." நான் பதில் சொல்வதற்குள் அந்த மனிதர் ஈரத் தரையில் முழங்கால் போட்டுவிட்டார். இரண்டு கிழவர்கள் தெருவில் நாலு காலில் நிற்கிறோம். அவர் வெறும் கையால் தரையைத் துழாவுகிறார். "என்ன சாவி? பெருசா, சின்னதா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை ஹேசல். "வெடிகுண்டு இருக்கான்னு பாக்குறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"நெசமாவா?"

"என் தம்பி அப்படித்தான் போனான். நான் போலீஸ்ல இருந்தவன். தெனமும் பார்ப்பேன்."

இப்போது எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார், காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பைஜாமாவோடு ஈரத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு காருக்கு அடியில் தலையை விட்டிருக்கிறார். அடியிலிருந்தே குரல் வந்தது. "இந்தப் பக்கம் ஒண்ணுமில்லைங்க. உங்க பக்கம்?"

"இந்தப் பக்கமும் ஒண்ணுமில்லை" என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் மறுபக்கத்தை இன்னொருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் எழுந்து பைஜாமாவைத் தட்டிக்கொண்டே, "நீங்க இல்லைங்கிற பக்கம்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நான் ஆம்" என்றார், அந்தப் பலகை தெரியாத குருடன் நான் என்பது போல. பிறகு, "டீ குடிக்கிறீங்களா?" என்றார். குடித்தேன். அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து குடித்தேன்.

அதற்குப் பிறகு உனக்குத் தெரியும். நீ சர்ச் கூடத்துக்குள் ஓட்டுப் போடப் போனாய், நான் வெளியே மதில்மேல் உட்கார்ந்திருந்தேன். பத்தே நிமிஷம் என்று சொன்னாய், ஒரு மணி நேரம் கழித்து வந்தாய், அவ்வளவு கூட்டம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. இதுவரை ஓட்டே போடாதவர்கள் எந்த வாசல் என்று வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தர் ஆக்சிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு வந்தார். நெஞ்சில் 'ஆம்' குத்திய ஒரு பெண்ணும் 'இல்லை' குத்திய புருஷனும் ஒரே குடைக்குள் வந்து, உள்ளே போகும் வரைக்கும் சண்டை போட்டு, வெளியே வரும்போது சாயங்காலம் என்ன குழம்பு என்று பேசிக்கொண்டு போனார்கள். வாசலில் ஒரே ஒரு போலீஸ்காரர். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். துப்பாக்கி இல்லை. நான் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு வழியாக அந்தப் பென்சில் தெரிந்தது, நூலில் கட்டிய சின்னப் பென்சில். எங்கள் பக்கம் மூவாயிரத்துக்கும் மேல் சவப்பெட்டிகள் கேட்ட அதே கேள்வி, இங்கே ஒரு நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அசந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். இதற்காகவா, இவ்வளவு எளிதாகவா என்று அழுகை வந்தது. பனி என்று நினைத்திருப்பாய்.

நீ பென்சிலால் அழிக்கப்போகிறாய் என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பென்சிலால் முடிகிற காரியமாக இது இருந்திருந்தால் ரேமண்டுக்கு இப்போது ஐம்பத்தாறு வயசு.

இன்னொன்று. நீ கத்தினதால் அவன் குனியவில்லை என்று எழுதியிருந்தாய். கேள். அவன் வாரத்தில் இரண்டு நாள் பார்த்தால் அதிகம். எத்தனை தடவை திட்டியிருப்பேன், சிரிப்பான். அன்றைக்கு நீ வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் குனிந்த மாதிரி பாவனை காட்டிவிட்டு நிமிர்ந்திருப்பான். இது எனக்கு அன்றே தெரியும். நீ இப்படி ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்பதுதான் தெரியாது. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நம் வீட்டில் யாரும் யாரையும் எதையும் கேட்பதில்லை.

அதனால் நான் கேட்கிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் இதைக் கேட்கிறேன், பதிலை நினைத்துப் பயமும் இல்லை. நீ எதற்கு ஓட்டுப் போட்டாய் ஹேசல்?

எதுவானாலும் 29ஆம் தேதி வா. டாலியா கொண்டுவா.

உன் அண்ணன்
மெர்வின்


கிர்வன்
23 செப்டம்பர் 2014

அன்புள்ள அண்ணா,

ஆம் என்றுதான் போட்டேன்.

அந்த மறைப்புக்குள் ரொம்ப நேரம் நின்றேன். மதில்மேல் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியும். உனக்காக மாற்றிப் போட்டுவிடலாமா என்று பென்சிலை இரண்டாவது கட்டத்தின்மேல் வைத்தேன். வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அப்படிப் போட்டிருந்தால் இன்று உனக்கு நிஜத்தை எழுதியிருக்க முடியாது, மறுபடியும் மழையைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு அழுகை வந்தது, அதனால்தான் முதுகைக் காட்டினேன். நீ கைதட்டாமல் இருந்தாய் பார், அதற்கு நன்றி.

ரேமண்டைப் பற்றி நீ எழுதியதைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. நேரில் பார்த்தால் பிடித்துக்கொள்கிறேன், திமிறாதே.

ராப் தன் பலகையைக் கழற்றிவிட்டார். ஜன்னலில் அது இருந்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரிகிறது, மற்ற இடமெல்லாம் உப்புக்காற்று அழுக்கு. நொந்துபோயிருக்கிறார். ஆனால் ஒரு வேடிக்கை. நீ போன மறுநாளிலிருந்து தினமும் காலையில் நான் வண்டியை எடுப்பதற்கு முன்னால் வந்து, வலிக்கிறது வலிக்கிறது என்று முனகிக்கொண்டே, குனிந்து என் காருக்கு அடியில் பார்க்கிறார். "எதுக்கு ராப் இதெல்லாம்?" என்று கேட்டேன். "உங்கண்ணன் ஒரே ஆளா எத்தனை நாளைக்குப் பாப்பாரு? இந்தக் கரை சரியா இருக்குன்னு எழுதிப்போடுங்க" என்றார். எழுதிப்போட்டுவிட்டேன்.

29 வருகிறேன்.

ஹேசல்


லார்ன்
1 அக்டோபர் 2014

அன்புள்ள ஹேசல்,

உன் டாலியா இன்னும் வாடவில்லை, இன்று காலைதான் கல்லறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ அங்கே நின்று என்னைப் பிடித்துக்கொண்டபோது நான் திமிறினேன் என்று போனில் குறை சொன்னாய். மூச்சு முட்டினால் யாரும் திமிறத்தான் செய்வார்கள்.

நேற்று வேலிக்கு மேலே பிரெண்டனைப் பார்த்தேன். "அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க, நான் மழைன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்" என்றேன். "பரவால்ல, நானும் அப்புறம் கேட்டிருக்கக்கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். நான் விடவில்லை. "இங்க அந்த ஓட்டு வந்தா நீங்க எதுக்குப் போடுவீங்க பிரெண்டன்?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கையில் இருந்த முட்டைக்கோஸ் கீழே விழுந்தது. அப்புறம் சொன்னார். நானும் என்னுடையதைச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன், அது அவருடையது. நாங்கள் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகவும் மாட்டோம். ஆனால் இருட்டும் வரை நின்று பேசினோம், அவர் மனைவி இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். விழுந்த முட்டைக்கோஸை எனக்கே கொடுத்துவிட்டார்.

நாளைக்கே உங்களிடம் மறுபடி கேட்டாலும் போக வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். போய்விட்டீர்களானால் அன்றைக்கும் மாடி ஜன்னலில் நின்று பாறையைப் பார்ப்பேன்.

ராபிடம் ஒன்று சொல். இன்று காலை கல்லறைக்குக் கிளம்பும்போது மழை. கார் பக்கத்தில் போய், முழங்காலைப் போட்டு, என் பக்கத்தை மட்டும் பார்த்தேன். எழுந்து சுற்றிக்கொண்டு போகவில்லை. மறுபக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துவிட்டேன்.

உன் அண்ணன்
மெர்வின்